எல்லையோரத்தில் இருந்து சீரியல் தயாரிக்கப் போகிறவருக்கு: காகிதம், பணம், நாள் கணக்கு

கொல்லங்கோடு, முதலமடை, ஆனைமலை, பொள்ளாச்சி என்று இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லை வட்டாரத்தில் சீரியல் யூனிட்டைப் பார்க்காத ஊர் குறைவு. வீட்டை வாடகைக்கு விட்டவர், யூனிட்டுக்குச் சமைத்தவர், வண்டி ஓட்டியவர், மேனேஜராக நின்றவர் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் "நாமே ஒன்று எடுத்தால் என்ன" என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்களுக்காக எழுதியது இது. கதை பண்ணுவது எப்படி என்பது இதில் இல்லை. புதிய தயாரிப்பாளர் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் கதையில் அல்ல. பணம் வந்து சேரும் தேதியிலும், இரண்டு மாநிலக் காகிதங்களிலும்தான் சுடுகிறது. அடிபட்டுக் கற்றதை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம், நீங்களும் அதே இடத்தில் விழ வேண்டாம்.

1. முதலில் ஒரு வருடம் வேறொருவர் கம்பெனியில் புரொடக்ஷனில் நில்லுங்கள்

கையில் பணம் இருந்தாலும் இதைத் தாண்டாதீர்கள். புரொடக்ஷன் அசிஸ்டென்ட், மேனேஜர், எக்ஸிக்யூட்டிவ் என்று எந்தப் பெயரில் நின்றாலும் மூன்று விஷயங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். தினச் செலவு நோட்டு (பேட்டா, சாப்பாடு, டீசல், லொகேஷன்), ஆர்ட்டிஸ்ட் டேட் சார்ட், எந்த சீன் எந்த எபிசோடுக்கு எடுத்தது என்ற கணக்கு. இந்த மூன்றையும் தானே எழுதிப் பழகாத தயாரிப்பாளரிடம் மேனேஜர் என்ன தொகை சொன்னாலும் அதுதான் செலவு.

2. எந்த வகை ஒப்பந்தம்

இரண்டு வழி உண்டு.

கமிஷன் முறையில் சேனல் எபிசோடுக்கு இவ்வளவு என்று தரும். கதை, தலைப்பு, மறு ஒளிபரப்பு, ஓடிடி, வேறு மொழி உரிமை எல்லாம் பொதுவாகச் சேனலுக்கே. உங்கள் லாபம் என்பது சேனல் தரும் தொகைக்கும் செலவுக்கும் இடையே நிற்பது மட்டும்.

ஸ்லாட் முறையில் அரை மணி நேரத்தைச் சேனலிடம் வாங்கி, விளம்பரத்தை நீங்களே விற்க வேண்டும். கேபிள் டிவி விதிப்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்குப் போகும். அரை மணிக்கு விற்கக் கிடைப்பது அதிகபட்சம் 300 விநாடி, அதாவது 10 விநாடி ஸ்பாட் 30. அவ்வளவையும் விற்றுவிடுவோம் என்று கணக்குப் போட்டு இறங்காதீர்கள். பாதி விற்றாலும் ஸ்லாட் கட்டணமும் ஷூட்டிங் செலவும் வந்துவிடுமா என்று பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். விளம்பர ஏஜென்சிகளோடு பழக்கம் இல்லாத புதியவருக்குக் கமிஷன் முறைதான் சரி. கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

3. கம்பெனியை எல்லைக்கு எந்தப் பக்கம் பதிவு செய்வது

தனி உரிமையாளர், எல்எல்பி (பொறுப்பு வரையறுத்த கூட்டு நிறுவனம்), பிரைவேட் லிமிடெட் எதுவாகவும் இருக்கலாம். சேனல்களுக்கு எல்எல்பி அல்லது பிரைவேட் லிமிடெட் என்றால் பேச்சு சுலபம். பான், டான் (வரிப் பிடித்தம் செய்கிறவருக்கான எண்), ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு, உத்யம் பதிவு (குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) ஆகிய ஐந்தும் சேனலிடம் போகும் முன்பே கையில் இருக்கட்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசு தளம் அல்ல.

இந்த எல்லைப்பகுதிக்கே உரிய பொறி ஜிஎஸ்டியில் இருக்கிறது. லாட்ஜ், ஷூட்டிங் வீடு போன்ற கட்டடம் சார்ந்த சேவைக்கு வரி எப்போதும் அந்தக் கட்டடம் இருக்கும் மாநிலத்துக்குத்தான் போகும். கம்பெனியைப் பாலக்காட்டில் பதிவு செய்துவிட்டு யூனிட்டைப் பொள்ளாச்சி லாட்ஜில் தங்க வைத்தால், லாட்ஜ்காரர் தமிழ்நாட்டு வரி போட்டு பில் தருவார். அந்த வரியை உங்கள் கேரளப் பதிவில் திரும்ப எடுக்க முடியாது. அது முழுக்கச் செலவு. கேமரா, லைட் வாடகை இப்படி இல்லை. சென்னையில் இருந்து எடுத்தாலும் மாநிலங்களுக்கு இடையேயான வரியாக வரும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எனவே சொந்த ஊர் எது என்று பார்த்துப் பதிவு செய்யாதீர்கள். மாதத்தில் லாட்ஜ் பில்லும் வீட்டு வாடகை பில்லும் எந்தப் பக்கம் அதிகம் என்று எழுதிப் பாருங்கள், அங்கே பதிவு செய்யுங்கள். இரண்டு மாநிலத்திலும் பதிவு எடுக்கலாம், ஆனால் ஒரு மாநிலப் பதிவில் திரும்ப எடுக்கக் கிடைக்கும் வரியை இன்னொரு மாநிலத்து வரிக்குக் கழிக்க முடியாது, கணக்கு எழுதும் வேலையும் இரட்டிப்பாகும்.

4. கதை உரிமை

கதாசிரியர் நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடுவதுதான் பின்னால் பெரும் சண்டையாகிறது. இவ்வளவு செய்யுங்கள்:

கதைச் சுருக்கத்தைச் சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யலாம். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்திலும் இணையவழி பதியலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பம் போட்ட பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும், பிறகுதான் பரிசீலனை.

எழுத்தாளரிடம் வாங்கும் உரிமைப் பத்திரத்தில் காலம், இடம் இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு மட்டும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பிப் போய்விடும், வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர. சேனல் ஒப்புதலுக்கே ஓராண்டு போகலாம் என்பதால் அந்த ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்.

பக்கத்து மொழியில் ஓடும் சீரியலைத் தமிழில் எடுக்கும் ஆசை இந்தப் பகுதியில் எல்லோருக்கும் வரும், வீட்டில் இரண்டு மொழிச் சேனலும் ஓடுவதால். அந்த உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடம் இருக்காது, சேனலிடம் இருக்கும். தமிழின் பாண்டியன் ஸ்டோர்ஸ் மலையாளத்தில் சாந்த்வனம் ஆனது ஒரே குழுமத்தின் இரண்டு சேனல்களுக்குள். வெளியில் இருந்து போகிறவர் அந்த வாசலைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

5. சேனலுக்குக் கொண்டு போகும் கோப்பு

ஒரு பக்கக் கரு. முக்கியப் பாத்திரங்கள் ஆறேழு பேருக்கு ஆளுக்கு அரைப் பக்கம். முதல் 20 எபிசோடுக்கு ஒன் லைன் (சுருக்கமான கதையோட்டம்). முதல் 5 எபிசோடுக்குத் திரைக்கதை, வசனத்தோடு. உத்தேச நடிகர் பட்டியல். வீடு, ஊர் புகைப்படங்கள். எபிசோடு வாரியான பட்ஜெட் இரண்டு பக்கம்.

கொடுத்தது எல்லாம் மின்னஞ்சலில் போகட்டும். நேரில் கதை சொன்ன அன்றே "இன்று சந்தித்து இன்ன தலைப்பில் இன்ன கதையைச் சொன்னோம்" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். லுக் டெஸ்ட் (வேடப் பொருத்தம் பார்ப்பது), பைலட் (மாதிரி எபிசோடு) என்று கேட்பார்கள். அதன் செலவு யாருடையது, கதை ஓகே ஆகாவிட்டால் அந்தக் காட்சி யாருக்குச் சொந்தம் என்று எடுக்கும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் சந்திப்பில் இருந்து ஒளிபரப்பு வரை ஆறு மாதத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டு, அந்த ஆறு மாதம் குடும்பம் நடக்க வேறு வருமானம் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய வரிகள்

வக்கீல் பார்த்தாலும் நீங்களும் படியுங்கள்.

குறைந்தபட்சம் எத்தனை எபிசோடு உறுதி? செட்டும் வீட்டு அட்வான்ஸும் 100 எபிசோடில் மீளும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்க, ஒப்பந்தத்தில் எண்ணிக்கையே இல்லாமல் இருக்கும். நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு? அந்த அறிவிப்புக்கு முன் எடுத்து வைத்த எபிசோடுகளுக்குப் பணம் உண்டா?

ஸ்லாட் மாற்றம். இரவு 8 மணிக்கு ஓடியதை மதியத்துக்கு மாற்றினால் எபிசோடு தொகை குறையுமா? குறையும் என்றால் எவ்வளவு? இது எழுத்தில் இல்லை என்றால் அவர்கள் சொல்வதுதான்.

ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோடு இரண்டு எபிசோடாகக் கணக்கிடப்படுமா? இரண்டு சீரியல்களைச் சேர்த்து எடுக்கும் மகாசங்கமத்தில் செலவு எப்படிப் பிரியும்? புரோமோ ஷூட் யார் செலவு? சேனல் கேட்டு ஒரு நடிகரை மாற்றினால் மறுபடி எடுக்கும் காட்சிகளுக்குப் பணம் யார்?

தாமத அபராதம் எபிசோடுக்கு எவ்வளவு, வெள்ளம், ஹர்த்தால் போன்ற நாட்களுக்கு விலக்கு உண்டா என்பதையும் பாருங்கள். கேரளப் பக்கம் ஷூட்டிங் வைக்கிறவர் "ஹர்த்தால்" என்ற சொல்லையே அந்த விலக்குப் பட்டியலில் எழுதி வாங்குவது நல்லது.

7. பணம்

நிதானமாகப் படியுங்கள். பல பேர் விழுந்த இடம் இதுதான்.

வாரத்துக்கு 6 எபிசோடு. ஒளிபரப்பு தொடங்கும்போது கையில் குறைந்தது 12 எபிசோடு தயாராக இருக்க வேண்டும், அது இரண்டு வாரம். ஒரு மாதம் ஓடிய பிறகுதான் பில் போடுவீர்கள், அது நாலு வாரத்துக்குச் சற்று மேல். பில்லுக்கு 60 நாள் தவணை என்றால் எட்டரை வாரம். மொத்தம் 15 வாரம். அதாவது முதல் ரூபாய் உங்கள் கணக்கில் விழுவதற்குள் ஏறக்குறைய 90 எபிசோடு எடுத்து முடித்திருப்பீர்கள். உங்கள் எபிசோடு செலவை 90-ஆல் பெருக்குங்கள். செட், உடைகள், வீட்டு அட்வான்ஸ், டைட்டில் பாடல் இதெல்லாம் அதற்கு மேல். கேமராக்காரரும் எடிட்டிங் ஸ்டுடியோவும் கொஞ்சம் கடன் கொடுப்பார்கள், ஆனால் பேட்டா, சாப்பாடு, டீசல் அன்றன்றே ரொக்கம்.

அடுத்தது வரி. கணக்கு எளிதாக இருக்க, எபிசோடுக்கு 1 லட்சம் என்று வைப்போம். மாதம் 26 எபிசோடு, பில் 26 லட்சம். 18 சதவீத ஜிஎஸ்டி 4,68,000 ரூபாய். சேனல் உங்களுக்கு 60 நாள் கழித்துத் தரும். ஆனால் மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் அந்த வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாங்கிய பில்களின் வரியைக் கழிக்கலாம் என்று நினைப்பீர்கள். நடிகர் சம்பளத்தில் பெரும்பகுதிக்கு ஜிஎஸ்டி பில்லே இருக்காது. யூனிட் சாப்பாட்டுக்கும் ஆட்களை ஏற்றும் கார் வாடகைக்கும் கட்டிய வரியைக் கழிக்கப் பொதுவாக விதி இடம் தராது. ஆகவே இரண்டு மாத ஜிஎஸ்டித் தொகையை வேறு கணக்கில் போட்டு வையுங்கள், அதில் கை வைக்காதீர்கள்.

அடுத்து, நீங்கள் கொடுக்கும் பணத்தில் செய்ய வேண்டிய வருமான வரிப் பிடித்தம் (டிடிஎஸ்). நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், எழுத்தாளர் போன்றோருக்கு 10 சதவீதம், ஒப்பந்த வேலைக்குத் தனிநபர் என்றால் 1, நிறுவனம் என்றால் 2, கருவி வாடகைக்கு 2, மாதம் 50,000 ரூபாயைத் தாண்டும் வீட்டு வாடகைக்கு 10. பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதமானால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. "கையில் முழுசாகக் கொடுங்கள், பிடிக்காதீர்கள்" என்று கேட்கிற நடிகருக்குச் சம்மதித்தால் அந்தப் பத்து சதவீதம் உங்கள் பையில் இருந்துதான் போகும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது செலவாக ஏறாது. ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற பட்டியலும் ஆண்டு முடிந்து 60 நாளுக்குள் வருமான வரித் துறைக்குப் போக வேண்டும். முன்பு படத் தயாரிப்பாளருக்கு மட்டும் இருந்த இந்த விதி 2022-க்குப் பிறகு டிவி தயாரிப்பாளருக்கும் வந்துவிட்டது. ஆடிட்டரிடம் நீங்களே நினைவூட்டுங்கள்.

உத்யம் பதிவு இங்கேதான் கைகொடுக்கும். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைத்தால், வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஒப்பந்தம் போடும் முன்பே பதிவு இருக்க வேண்டும், பில்லில் உத்யம் எண் அச்சாகி இருக்க வேண்டும். வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. தவணை பேசும்போது 60 நாளை 45 ஆக்க இதுவே போதும்.

வெளியில் கடன் வாங்கினால் வட்டியையும் எபிசோடு செலவில் சேருங்கள். 50 லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 1 லட்சம். மேலே சொன்ன கணக்கில் அது ஒரு முழு எபிசோடு. மூணு வட்டிக்கு வாங்கி சீரியல் எடுப்பதைவிட எடுக்காமல் இருப்பது மேல்.

8. வீடும் ஊரும்

கதை வீடுதான் உங்கள் ஸ்டுடியோ. கொல்லங்கோடு, நெம்மாறை பக்கத்துப் பழைய தறவாட்டு வீடுகள் பார்வைக்கு அற்புதமாக இருக்கும். ஆனால் பங்காளிகள் எட்டுப் பேர் இருப்பார்கள், சாவி வைத்திருப்பவர் ஒருவர், துபாயில் இருந்து ஆட்சேபிப்பவர் இன்னொருவர். எல்லாப் பங்குதாரரின் கையெழுத்தோ, பவர் பத்திரம் உள்ளவரின் கையெழுத்தோ இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 200 எபிசோடு ஆன பிறகு வீடு மாறினால் கதையில் ஒரு தீ விபத்தோ ஜப்தியோ எழுத வேண்டிவரும்.

வீட்டு மின் இணைப்பில் லைட் போடாதீர்கள். வீட்டுக் கட்டண இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாகக் கணக்கெடுத்தால் இருமடங்கு கட்டணத்தில் வசூலிப்பார்கள், நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்குப் போகும், உறவு கெடும். தற்காலிக இணைப்பு வாங்குங்கள் அல்லது ஜெனரேட்டர் வையுங்கள்.

அனுமதிகள் இடத்துக்கு இடம் மாறும். தனியார் தோப்பு, வயல் என்றால் உடைமையாளர் கடிதம், உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம், பஞ்சாயத்துக்கு ஒரு நகல். கோவில் என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் அறநிலையத் துறை, பாலக்காட்டுப் பக்கம் மலபார் தேவஸ்வம் போர்டின் கீழ் வருவதா, தனியார் குடும்பங்களின் நிர்வாகத்தில் (ஊராண்மை) இருப்பதா என்று முதலில் விசாரியுங்கள். ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்தில் ஒரு ஷாட் என்றாலும் ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் போதாது, தெற்கு ரயில்வேயின் மக்கள் தொடர்புப் பிரிவு வழியாகத்தான். பொள்ளாச்சி நிலையம் தமிழ்நாட்டில் இருந்தாலும் பாலக்காடு கோட்டத்தில் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

பரம்பிக்குளம் பக்கம் காட்சி வைக்க நினைப்பவர் கவனிக்க வேண்டும். அணைகள் இருக்கும் மண் கேரளம். அணைகளைப் பராமரிப்பது தமிழ்நாட்டு நீர்வளத் துறை. சாலை போவது சேத்துமடை, டாப்சிலிப் வழியாக, அதாவது தமிழ்நாட்டுப் புலிகள் காப்பகத்துக்குள். ஆக, ஒரு காட்சிக்கு இரண்டு வனத்துறை, ஒரு நீர்வளத் துறை. தினசரி சீரியலுக்கு இது தாங்காது. ஆழியாறு பக்கத்துத் தனியார் தோப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடு, ஆடு, நாய் எதை நடிக்க வைத்தாலும் இந்திய விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். கிளி ஜோசியர் காட்சி எழுதி வந்தால் அந்த சீனையே மாற்றச் சொல்லுங்கள், பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஃபிரேமுக்குள் மாநிலம் மாறாமல் பார்ப்பது உதவி இயக்குநரின் தலையாய வேலை. கதை நடப்பது கோவை மாவட்டத்துக் கிராமம், எடுப்பது சித்தூர் தாலுகாவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை போர்டை மறைப்பார்கள். பின்னால் நிற்கும் வண்டியின் கேஎல் 70-ஐ மறந்துவிடுவார்கள். அதையும் மறைப்பார்கள், தென்னை மரத்தின் உச்சியில் தொங்கும் கள்ளுக் கலயம் தெரியும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை என்பது கொங்குப் பக்கத்துப் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் தெரியும். லொகேஷன் பார்க்கப் போகும்போதே கலயம் கட்டாத தோப்பாகப் பாருங்கள். டிஎன் 41 நம்பர் பிளேட் இரண்டு செட் புரொடக்ஷன் பெட்டியில் இருக்கட்டும், ஆனால் நிற்கும் வண்டிக்கு, ஷாட்டுக்கு மட்டும். அதை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டினால் போலீஸ் வழக்கு.

வயல் காட்சியை ஒரே ஷெட்யூலில் மொத்தமாக எடுத்துவிடுங்கள். பாலக்காட்டில் முதல் போக நெல் செப்டம்பர் வாக்கில் அறுவடைக்கு வந்துவிடும். பச்சை வயலில் தொடங்கிய சண்டை அறுத்த வயலில் முடியக் கூடாது. கணவாய்க் காற்றும் ஒன்று உண்டு. காற்று மாதங்களில் திறந்த வெளியில் சட்டையில் குத்தும் லேப்பல் மைக்கில் பதிவு செய்த வசனம் பயன்படாது, டப்பிங் செலவை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

9. எல்லை தாண்டும் வண்டியும் சாமானும்

ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடி கிடையாது என்பது உண்மை. பறக்கும் படை உண்டு. கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வாளையாறு எந்த வழியில் போனாலும் நிறுத்திப் பார்க்க வாய்ப்பு உண்டு.

கேமரா, லென்ஸ், லைட் எல்லாவற்றுக்கும் வரிசை எண்ணோடு டெலிவரி சலான் மூன்று பிரதி. மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் (சரக்கு வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு). அதன் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். சென்னையில் இருந்து வருகிற லைட் வண்டி வழியில் ரிப்பேராகி நாள் கணக்கில் நின்றால் பில் காலாவதியாகலாம், உடனே நீட்டியுங்கள். திரும்பிப் போவதற்குத் தனி சலான்.

ஆர்ட்டிஸ்ட் வண்டிக்கு வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தாலும் அடுத்த மாநிலப் பர்மிட்டும் வரி ரசீதும் டிரைவர் கையில் இருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள். காலை 7 மணிக்கு வண்டிச் சோதனையில் மாட்டி நாயகி வழியில் உட்கார்ந்திருந்தால் 9 மணி கால்ஷீட் 11 ஆகும்.

கேரளப் பக்கம் வண்டியில் இருந்து சாமான் இறக்க உள்ளூர் சுமைத் தொழிலாளர் சங்கத்தோடு முதல் நாளே பேசிவிடுங்கள். கனமான ஜிம்மி (கேமராவைத் தூக்கும் நீண்ட கை), டிராலி, அதன் தண்டவாளம் அவர்களுக்கு, கேமராப் பெட்டி உங்கள் ஆட்களுக்கு என்று மரியாதையாகப் பேசினால் ஒத்துக்கொள்வார்கள். கொடுத்த கூலிக்கு ரசீது வாங்குங்கள். வேலை செய்யாமல் கேட்கும் நோக்குக்கூலி 2018 மே முதல் தடை செய்யப்பட்டது. அதைக் கேட்டால் சண்டைக்குப் போகாமல் தொழிலாளர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

10. ஆர்ட்டிஸ்டும் யூனிட்டும்

தமிழ் யூனிட் என்றால் பெப்சியில் (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) இணைந்த சங்கங்களின் விதிகளும் சின்னத்திரை நடிகர் சங்கமும், மலையாள நடிகர்களை எடுத்தால் ஆத்மா அமைப்பும் நினைவில் இருக்கட்டும். யூனிட்டில் எத்தனை பேர், வெளியூர்ப் பேட்டா எவ்வளவு, நேரம் கடந்தால் எவ்வளவு என்பதை மேனேஜர் வழியாகச் சங்கத்தில் கேட்டு, அன்றைய தேதி போட்டு எழுதி வையுங்கள்.

நடிகர் ஒப்பந்தத்தில் மாதம் எத்தனை நாள், வேறு சீரியல் இருக்கிறதா, விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, முடி வெட்டுதல் போன்ற தோற்ற மாற்றத்துக்கு முன் சம்மதம் ஆகியவை வேண்டும். அப்பா, மாமனார் வேடங்களுக்கு வரும் மூத்த நடிகர்கள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சீரியலில் இருப்பார்கள். அவர்கள் தேதியை வைத்துத்தான் ஷெட்யூல் போட வேண்டும், நாயகி தேதியை வைத்து அல்ல. சென்னையில் இருந்து வருகிறவர்களுக்குப் பழனி வழியாக வரும் பாலக்காடு ரயிலில் பொள்ளாச்சிக்கே டிக்கெட் போடலாம், கோவையில் இறங்கி வண்டி பிடிக்க வேண்டியதில்லை.

குழந்தை நடிகர்கள் விஷயத்தில் சமரசம் செய்யாதீர்கள். நாளுக்கு 5 மணி நேரம், அதில் ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வைப்புநிதி. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்து ஆட்சியரிடம் அனுமதி. ஆனைமலையில் எடுத்தால் கோவை, முதலமடையில் எடுத்தால் பாலக்காடு, இரண்டிலும் எடுத்தால் இரண்டும். ஆறு வயதுப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு மேக்கப் நாற்காலியில் தூங்கி விழுந்துகொண்டிருந்தால் அந்த சீன் அன்றைக்கு வேண்டாம், பேக்கப் சொல்லுங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு சட்டப்படி கட்டாயம். உறுப்பினர் பெயர், எண்களை மேக்கப் அறைக் கதவில் ஒட்டுங்கள். பெண்களுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழும் உடை மாற்றும் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இல்லாத லொகேஷனை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

11. ஒரு நாள் கணக்கு

பல யூனிட்டுகளில் கால்ஷீட் காலை 9 முதல் இரவு 9. ஒரு எபிசோடு சுமார் 22 நிமிடம், எட்டு முதல் பத்து சீன். வீட்டுக்குள் மூன்று கேமரா வைத்து எடுத்தால் நாளுக்கு 25 நிமிடம் வரை வரும். வெளிப்புறம் என்றால் பாதிதான். இடம் ஒரு முறை மாறினால் ஒன்றரை மணி நேரம் போச்சு. நாளுக்கு ஓரிடம் என்று சீன் பேப்பர் வரும்படி எழுத்தாளரிடம் பேசி வையுங்கள். சீன் பேப்பர் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் வரவில்லை என்றால் மறுநாள் முதல் மூன்று மணி நேரம் உங்கள் காசில் எல்லோரும் டீ குடிப்பார்கள்.

12. டெலிவரி, அதன் பிறகு

ஃபைல் வடிவம், ஒலி அளவு, பிரேக் எத்தனை, ரீகேப் (முந்தைய கதைச் சுருக்கம்) எத்தனை விநாடி என்பதைச் சேனலின் டெக்னிக்கல் தாளில் கேட்டு வாங்கி எடிட்டிங் அறையில் ஒட்டுங்கள். எபிசோடு தணிக்கைக் குழுவுக்குப் போகாது, ஆனால் கேபிள் டிவி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறைக்கு உட்பட்டது. நடிகரின் செல்போன் ரிங்டோனாகச் சினிமாப் பாட்டு ஒலித்தால்கூட, உரிமை வாங்காமல் ஒளிபரப்பக் கூடாது. டப்பிங்கில் அதை வெறும் மணியோசையாக்கிவிடுங்கள்.

ரேட்டிங் சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரமாகக் கணக்கிட்டு அடுத்த வியாழன் வரும். வியாழன் மதியம் சேனலில் இருந்து போன் வந்து கதையைத் திருப்பச் சொல்வார்கள். பேங்கில் (எடுத்து வைத்த எபிசோடுகளின் கையிருப்பு) 12 எபிசோடு இருந்தால் யோசிக்க நேரம் இருக்கும். மூன்று இருந்தால் எடுத்ததைத் தூக்கிப் போட்டு இரவோடு இரவாக எடுக்க வேண்டும். பேங்க் ஆறுக்குக் கீழே இறங்கும் வாரத்தில் இரண்டாவது யூனிட் போடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தால் அன்றே மூன்று வேலை. வீட்டுக்காரருக்கு எழுத்தில் தகவல் கொடுத்து அட்வான்ஸில் கழிவைப் பேசுங்கள். ஆர்ட்டிஸ்டுகளுக்குக் கடைசித் தேதி சொல்லுங்கள், அவர்கள் வேறு வேலை தேட வேண்டும். பாக்கி பில்களைச் சேனலுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் மின்னஞ்சல் வாங்குங்கள். மூல ஃபுட்டேஜ் ஹார்ட் டிஸ்குகளைக் கடைசித் தவணை வரும்வரை அழித்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். தரக் குறை என்று சொல்லி ஒரு எபிசோடின் பணத்தை நிறுத்தினால், சரிசெய்து கொடுக்க அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.